நரிப்பயற்றுக் காடு

என் தம்பி பிறந்த கார்த்திகையில் மாமா வீட்டில் இரண்டு மாடுகள் நின்றன. ஒன்று கறவை, மற்றது முதல் சினையாக இருந்த கிடாரி. பிரசவத்துக்காக அம்மாவும், அவள் கூடவே நானும், தூத்துக்குடியிலிருந்து ஓட்டப்பிடாரத்துக்குக் கிழக்கே இருந்த அந்த வீட்டுக்கு வந்திருந்தோம். மாமாவுக்கும் அத்தைக்கும் பிள்ளை இல்லை. அத்தை காலையில் கிடாரியின் வயிற்றைத் தடவிப் பார்த்த பிறகுதான் எனக்குத் தலைவாரி விடுவாள்.

மாமா துறைமுகத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவர். யுத்தத்தில் கப்பல் வரத்து நின்றதும் ஒரு யோசனையோடு ஊர் திரும்பினார். ஏதோ ஒரு துரை வீட்டுத் தொழுவத்தில் புல்லும் பயற்றுக்கொடியும் கலந்து தீனி போடுவதைப் பார்த்திருக்கிறார். வெறும் புல்லில் பால் சுரக்காது, வெறும் பயற்றங்கொடி மாட்டுக்கு ஆகாது, இரண்டும் சேர்ந்து வளர்ந்தால் ஒன்றின் குறையை மற்றது தீர்க்கும் என்பார். சோளம் விதைக்க வேண்டிய செவல் காட்டில் கொழுக்கட்டைப் புல்லையும் நரிப்பயற்றையும் கலந்து விதைத்தார். ஊர் சிரித்தது. அத்தை சிரிக்கவில்லை, மடியில் விதையைக் கட்டிக்கொண்டு கூடவே விதைத்தாள்.

மழை ஒரு பாட்டம் பெய்து ஓய்ந்தது. பயறு முந்திக்கொண்டது. கொடி படர்ந்து காடெல்லாம் பச்சை. அடியில் புல் வெளிச்சம் காணாமல் ஊசி ஊசியாக நின்றது. அதற்குள் வீட்டில் வைக்கோல் தீர்ந்துவிட்டது. பனையோலையை நறுக்கிப் போட்டார்கள். மாடுகளின் விலா எலும்பு துருத்திக்கொண்டு தெரிந்தது.

"பச்சையைக் கண்ணுல காட்டிட்டு வயித்தைக் காயப்போடுதீகளே, இது நியாயமா?" என்றாள் அத்தை.

"ஏளா, புல்லு தலையெடுக்கட்டும். இப்ப விட்டா எளங்கொடியை மட்டுந்தான் மேயும். வயிறு ஊதிரும்" என்றார் மாமா.

மறுநாள் பக்கத்து வீட்டு வண்டியை இரவல் வாங்கிக்கொண்டு, ஆதிச்சநல்லூர்ப் பக்கம் வைக்கோல் பார்க்கப் போனார்.

அவர் போன மறுநாள் விடிந்ததும் கிடாரி கத்தத் தொடங்கியது. அத்தை அடுப்படியில் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்துபோய் இரண்டையும் அவிழ்த்தாள். நானும் பின்னாலேயே போனேன். இலைகளில் பனி சொட்டியது. மாடுகள் தலை நிமிராமல் மேய்ந்தன. அத்தை என் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

வெயில் ஏறுமுன்னே கிடாரியின் வயிறு இடப்பக்கம் மேளம்போல எழும்பிவிட்டது. ஆட்கள் ஓடி வந்தார்கள். வாயில் குறுக்கே வேப்பங்குச்சியைக் கட்டி எண்ணெய் புகட்டினார்கள், நடத்திப் பார்த்தார்கள். அது முன்னங்காலை மடித்துச் சரிந்தது. சற்று நேரத்தில் கறவையும் போயிற்று.

சாயங்காலம் மாமா வண்டி நிறைய வைக்கோலோடு வந்து இறங்கினார். அத்தை அவர் காலடியில் போய் விழுந்தாள்.

"என்னைய அடிச்சிக் கொன்னுருங்க."

மாமா இரண்டு மாடுகளையும் பார்த்தார். கூடி நின்றவர்களிடம், "நாந்தான் அவுத்து விடச் சொல்லிட்டுப் போனேன்" என்றார். அத்தையிடம், "எந்திரிச்சிப் பிள்ளைக்குச் சோறு போடு" என்றார். அவர் அப்படிச் சொல்லிவிட்டுப் போகவில்லை என்பது எனக்குத் தெரியும்.

மாடு மேய்ந்து கொடி குறைந்த இடத்திலெல்லாம் வெளிச்சம் விழுந்து புல் கிளம்பியது. அடுத்த மழைக்கு இடுப்பு உயரம் வளர்ந்து, கடற்காற்றில் சாய்ந்து சாய்ந்து எழுந்தது. பயறும் புல்லும் மாமா சொன்ன விதமாகவே கலந்து நின்றன. அவர் வரப்பில் நின்று பார்ப்பார். அரிவாளை எடுக்க மாட்டார்.

"ஒரு வார்த்தை ஏசுங்களேன்" என்று அத்தை சோறு வைக்கும்போதெல்லாம் கேட்பாள்.

"நீ சாப்பிடு" என்பார் மாமா.

தை பிறந்ததும் அத்தை சேலைகளை மூட்டை கட்டிக்கொண்டு தன் அம்மா வீட்டுக்கு நடந்தாள். கைப்பிள்ளையோடு என் அம்மா வாசல்வரை ஓடி அழைத்துப் பார்த்தாள். மாமா அழைக்கவில்லை. அத்தை பிறகு வரவே இல்லை.

புருஷன் ஏசினால் பெண்கள் அம்மா வீட்டுக்குப் போய்விடுவார்கள் என்று மட்டும் அந்த வயதில் எனக்குத் தெரிந்திருந்தது. மாமாதான் ஒரு சொல்கூட ஏசவில்லையே, அத்தை ஏன் போனாள் என்று அம்மாவிடம் கேட்டுக்கொண்டே இருந்தேன்.