காயத்தில் அப்பிய காபிப்பொடி

பிள்ளைகளே, நான் பத்தாவது முடித்து, ஐ.டி.ஐ. படித்து, ஹைதராபாத் காஞ்சன்பாக்கில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராக இருப்பவன். வைத்தியம் தெரியாது. ஆனால் ரத்தம் வந்தால் காபிப்பொடியை வைத்து அழுத்த வேண்டும் என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை. எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அப்படித்தான் செய்தோம்.

கல்லூரியில் படிக்கும் என் மகள் ஒரு சனிக்கிழமை காலை வாடகை மின்சார ஸ்கூட்டரில் வீடு திரும்பினாள். கைபேசியில் தட்டினால் பூட்டுத் திறக்குமே, அந்த வண்டி. சத்தம் வராது, அதனால் போகும் வேகமும் தெரியாது. எங்கள் குவார்ட்டர்ஸ் வாசலில் உள்ள வேகத்தடையைக் கடைசி நொடியில் பார்த்து, முன்பிரேக்கை மட்டும் இறுக்கிப் பிடித்திருக்கிறாள். குப்புற விழுந்தாள். வண்டியோடு கொடுத்த அரை ஹெல்மெட் தலையைக் காப்பாற்றியது. வாயை மூட அதில் ஒன்றும் இல்லை. மேலுதடு பிளந்து, முகவாய் தரையில் தேய்ந்துவிட்டது.

நான் வீட்டுக்குள் ஓடிப்போய் காபிப்பொடி டப்பாவோடு வந்தேன்.

"அப்பா, நக்கோ! காபிப்பொடி நக்கோ!" ஹைதராபாத்தில் வளர்ந்த பிள்ளைக்கு 'வேண்டாம்' என்பது 'நக்கோ'தான்.

"சும்மா இரு. ரத்தம் நிக்கணும்ல?"

கை நிறைய அள்ளி அப்பி, மேலே ஒரு துணியை வைத்துப் பிடித்தேன். அப்புறம் ஆட்டோ, ஆஸ்பத்திரி, அவசரப் பிரிவு.

அங்கிருந்த நர்ஸ் செகந்திராபாத் தமிழ்ப் பெண். துணியை விலக்கியதும் என்னைப் பார்த்தாள்.

"என்ன அங்கிள், ஃபில்டர் காபியா? பாலும் சக்கரையும் ஏன் விட்டுட்டீங்க?"

"சிரிக்க வைக்காதீங்கக்கா, வலிக்குது" என்றாள் மகள்.

டாக்டரும் இளம்பெண்தான், தெலுங்கு பேசுபவர். மயக்கம் வந்ததா, வாந்தி உண்டா என்று கேட்டார். பல்லைக் கடிக்கச் சொல்லி, வரிசை பொருந்துகிறதா என்று பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பிச் சொன்னார்: பொடியும் மண்ணும் உள்ளே தங்கினால் தோல் அதன் மேலேயே மூடிக்கொள்ளும். பச்சை குத்தியதுபோல் கறுப்பாக நின்றுவிடும். சுத்தமான துணியை வைத்து அழுத்தியிருந்தாலே போதுமாம்.

தரை தந்த காயம் ஆறிவிடும். நான் வைத்த கறுப்பை அவள் ஆயுசு முழுக்க முகத்தில் சுமக்க வேண்டுமா?

நர்ஸ் மேலாகக் கழுவியதும், டாக்டர் ஒரு பேனாவால் பிளவின் இரண்டு பக்கமும் உதட்டின் ஓரக்கோட்டில் ஒவ்வொரு புள்ளி வைத்தார். மரத்துப்போக வைக்கும் ஊசி போட்டால் உதடு வீங்கி ஓரம் தெரியாமல் போகுமாம். பிறகு அந்தப் புள்ளிகளைப் பார்த்துத்தான் சேர்க்க வேண்டுமாம். கோடு கிழித்து மார்க்கிங் போடாமல் ஃபிட்டர்கள் நாங்களும் இரும்பில் கை வைக்க மாட்டோம். அந்த நிமிடம் அவர் மேல் எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

ஊசிக்குப் பிறகு கிட்டத்தட்ட ஒரு மணி நேரம். நர்ஸ் உப்புநீரைப் பீய்ச்ச, டாக்டர் குனிந்த தலை நிமிராமல் துகள் துகளாக எடுத்தார். வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள். ஒருவர் கதவைத் தட்டிக் கத்தினார். டாக்டர் அவசரப்படவில்லை. "இன்னொண்ணு இருக்கு மேடம், இங்க" என்று நர்ஸ் காட்டுவாள், அதையும் எடுப்பார். எங்கள் தொழிற்சாலை இன்ஸ்பெக்ஷனில்கூட இவ்வளவு பொறுமையான கண்களை நான் பார்த்ததில்லை. முதல் தையலில் இரண்டு புள்ளிகளும் ஒட்டி நின்றன.

ஐந்தாம் நாள் தையல் பிரிக்கப் போனோம். ஆட்டோவில் நான் மன்னிப்புக் கேட்டேன். அவள் கைபேசித் திரையில் உதட்டைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

டாக்டர் நூலை எடுத்துவிட்டு விளக்கை இழுத்து, பக்கவாட்டில் சாய்ந்து வெகுநேரம் பார்த்தார். கறுப்பு எங்கும் இல்லை. மெல்லிய சிவப்புக் கோடு மட்டும், அதுவும் நேராக. கன்னம் உப்பும்படி வாயில் காற்றை நிறுத்தச் சொன்னார். உதடு நன்றாக மூடுகிறதா என்று பார்ப்பதற்காம். நான் கிட்டே குனிந்து பார்த்தேன். ஒரு பொட்டுக் காற்றுகூடக் கசியவில்லை.

"சரி, விடலாம்" என்றார் டாக்டர்.

மகள் அத்தனை காற்றையும் என் முகத்தில் ஊதினாள்.