ஆவுளியாவைக் கேட்டுப் போனவர்

அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லி ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். பாலாவிச் சந்தியில் கடை வைத்திருக்கும் றஊப் தொலைபேசியில் கூப்பிட்டார். "தம்பி, காக்காட மோட்டார் சைக்கிள் இங்க நிக்கிது. அவர் விழுந்திட்டார்." நெஞ்சுவலி. ஆஸ்பத்திரிக்குப் போகுமுன்பே என்கூடப் பிறந்த மூத்தவர், காக்கா ஹயாத்து முகம்மது மௌத்தாகிவிட்டார். எதற்காக அன்று அந்த வழியால் போனார் என்று வீட்டில் ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை.

தொண்ணூறில் மன்னாரிலிருந்து எங்களை விரட்ட, இங்கே வந்தபோது அவருக்கு இருபது வயது. உப்பளத்தில் வேலை செய்தார், மீன் லொறியில் போனார். போர் முடிந்து ஐந்தாம் வருடம், கடல்விலங்கு ஆய்வொன்றுக்கு ஆள் எடுத்தார்கள். துறைதுறையாகப் போய் மீனவர்களிடம் விசாரித்துப் படிவத்தில் உண்டு, இல்லை என்று குறிக்கவேண்டும். பதினொரு துறைகளிலும் அவர் கேட்டது ஒன்றுதான்: "இங்க ஆவுளியா காணுறீங்களா?" கடற்பசுவுக்கு மன்னாரில் நாங்கள் சொல்லும் பெயர் அது. எல்லோரும் உதட்டைப் பிதுக்கினார்கள். எல்லா இடத்துக்கும் "இல்லை" என்று எழுதிக் கொடுத்தார்.

அடுத்த மாதம் கற்பிட்டிப் பக்கம் மீன் வாங்கப் போனோம். காக்கா முன்பு விசாரித்த மீனவர்களில் ஒருவரான அன்ரனிப்பிள்ளை கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார்.

"என்ன அண்ணே, சுறாவா?" என்றார் காக்கா.

"கடற்பன்றி. மோதிப் பிய்ச்சுப்போட்டுது."

"மூஞ்சி எப்படி?"

"மாட்டு மூஞ்சி. அடியில புல்லு மேயும்."

காக்கா மணலில் குந்திவிட்டார். "அதுதானே ஆவுளியா! உங்களிட்டக் கேட்டனே!"

"நீங்க கேட்டது ஏதோ மன்னார்ச் சாமான் எண்டு நினைச்சன். பன்றி எண்டு கேட்டிருந்தாச் சொல்லியிருப்பன். நீங்கதான் அந்தப் பேரை வாயிலயும் எடுக்கமாட்டீங்களே!"

அவர் சிரித்தார். காக்கா சிரிக்கவில்லை. "இல்லை" என்று எழுதிய கடலுக்குப் பாதுகாப்புக் கேட்கமாட்டார்கள். அறிக்கை அச்சுக்குப் போக இரண்டு கிழமை இருந்தது.

ஒரு படம் வரைந்துகொண்டு மறுபடியும் புறப்பட்டார். குழப்பம் கூடியதுதான் மிச்சம். சிங்களத்தில் முஹுது ஊரா என்று பழகியவர்கள் கடற்பன்றி என்றார்கள். இன்னொரு துறையில் கடற்பன்றி என்றால் டொல்பின். படமும் டொல்பின் போலத்தான் இருக்கிறது என்று ஒருவர் சொல்ல, மூக்கை அழித்து வரைந்தார்.

"தம்பி, நான் எழுதினதில எத்தனை பொய்?"

"வேணுமெண்டேயா எழுதினீங்க, காக்கா?"

"வலையில படுற ஆவுளியாவுக்கு அந்த விளக்கம் சொல்லேலாதே."

புறப்பட்ட ஒன்பதாம் நாள்தான் பாலாவிச் சந்தியில் விழுந்தார். நேற்று ஆய்வு அலுவலகத்தில், அவர் திருத்தவென்று திரும்ப வாங்கிய படிவத்தைக் கேட்டார்கள்; எடுத்துப் பார்த்தேன். ஆறு துறைகளில் "உண்டு" என்று மாற்றியிருக்கிறார். மூன்றில் "இல்லை" நிற்கிறது. ஒன்றில் இரண்டையும் வெட்டியிருக்கிறார். அங்கே என்ன சொன்னார்களோ, எனக்கு விளங்கவில்லை. பதினோராவதான பள்ளிவாசல்துறையில் மட்டும் அவர் இரண்டாம் முறை கேட்கவில்லை. அங்கே போவதென்றால் பாலாவிச் சந்தியால்தான் திரும்பவேண்டும்.