முதல் மிதி

போன வாரம் எங்கள் மாமாவின் கருமாதிக்குப் போயிருந்தேன். பஸ் நிற்கும் இடத்திலிருந்து அவருடைய புண்ணாக்குக் கடை வரைக்கும் சாலையோரம் பேனர் கட்டியிருந்தார்கள். ஒவ்வொன்றிலும் மாமா வெள்ளைச் சட்டை போட்டுக் கும்பிட்டபடி நின்றார். உயிரோடு இருந்தவரை அவர் யாரையும் கும்பிட்டு நான் பார்த்ததில்லை. அடியில் ‘வாயில்லா ஜீவன்களின் வள்ளலே’ என்று எழுதியிருந்தது. போகும்போது அதைப் படித்துச் சிரித்தேன். திரும்பும்போது கிழித்துப் போட வேண்டும் போல இருந்தது. நடுவில் அத்தை ஒரு சமாச்சாரம் சொல்லியிருந்தாள்.

மாமா உழைப்பாளி, அதை நான் மறுக்க மாட்டேன். சைக்கிளில் தவிட்டு மூட்டை கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போனவர். பிறகு கடை வந்தது, குடோன் வந்தது, சேலத்துக்குப் பால் கொண்டுபோக ஒரு வேன் வந்தது. ஊருக்கு வெளியே பெரிய பட்டி போட்டு மாடு வளர்த்தார். சுற்று வட்டாரத்தில் ஒற்றை மாடு வைத்திருந்தவர்கள் எல்லாம் அவரிடமே தீவனம் வாங்கி அவர் வேனுக்கே பால் ஊற்றினார்கள். மாட்டைப் பற்றி அவர் சொன்னால் மறுபேச்சு கிடையாது.

அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. சூரமங்கலத்தில் நாங்கள் இருந்த குவார்ட்டர்ஸில் பூனை வளர்க்கக்கூட இடமில்லை. அதனால் லீவு விட்டால் நான் மாமா வீட்டில்தான் கிடப்பேன். நான் மூன்றாவது படித்தபோது பட்டியில் ஒரு செவலைக் கன்று பிறந்தது. “இது உன்றது அம்மிணி. வளர்றது மட்டுந்தான் எங்கிட்ட” என்றார் மாமா. வருகிற பொங்கலுக்கு முதல் மிதி அதுதான் என்றும் சொல்லியிருந்தார்.

எங்கள் பக்கம் மாட்டுப் பொங்கலைப் பட்டிப் பொங்கல் என்போம். பட்டிக்கு நடுவில் சாணத்தால் கரை கட்டி, தண்ணீர் விட்டு, ஆவாரம்பூவும் கரும்பும் வைத்துச் சின்னதாக ஒரு தெப்பம் கட்டுவார்கள். பூசை முடிந்ததும் ஒரு மாட்டை அதில் இறக்கி மிதிக்கவிடுவார்கள். அந்த முதல் மிதி பெரிய மரியாதை. பின்னாலேயே மற்ற மாடுகளும் அந்தச் சேற்றை மிதித்துப் போகும். எல்லாவற்றுக்கும் ஒரே கூடையிலிருந்து பொங்கச்சோறு ஊட்டுவார்கள். மாமாவின் பட்டி ராசியான பட்டி என்று பெயரெடுத்தது. அதனால் அக்கம்பக்கத்தார் எல்லாம் தங்கள் மாட்டை அங்கேதான் ஓட்டி வருவார்கள்.

அந்த வருஷம் நான் புதுப் பாவாடையோடு போய் இறங்கினால், பட்டியில் என் கன்று இல்லை. மற்ற மாடுகளும் இல்லை. எல்லாவற்றையும் டவுன் குடோனுக்கு ஓட்டிவிட்டார்களாம். வேலி மாற்றப் போகிறோம் என்றார் மாமா. சந்தையில் புதிதாகப் பிடித்து வந்த ஒரு பசு மட்டும் பின்னால் வைக்கோல் கொட்டகையில் படுத்திருந்தது. அதன் வாயிலிருந்து எச்சில் நூல் நூலாக ஒழுகியது. ஏன் என்று கேட்டேன். “புது எடமில்லையா, அதான். நீ கிட்டப் போகாத” என்றார்.

சாயங்காலம் பட்டி நிறைய மாடுகள் வந்துவிட்டன. பூசை முடிந்ததும் மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்: “வருசா வருசம் என்ற மாடே மிதிக்கோணுமா? இந்த வருசம் இல்லாதவிய மாடு மிதிக்கட்டும்.”

கூட்டம் வாயைப் பிளந்தது. பக்கத்துத் தோட்டத்தில் புருஷனை இழந்த ஒரு பெண் இருந்தாள். அவளுக்கு ஒரு பசுவும் பால்குடிக் கன்றும்தான் சொத்து. அவள் மகள் என் வயது, என்னோடு விளையாடுகிறவள். மாமா அந்தப் பசுவைக் கையால் காட்டினார். அந்தம்மாவுக்கு அழுகையே வந்துவிட்டது. “ஏனுங்க, எங்க மாடுங்களா?” என்று இரண்டு தரம் கேட்டாள்.

“எனக்குத்தான்னு சொன்னீங்க! பொய் சொல்றீங்க!” என்று நான் கத்தினேன். அத்தை தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். அந்தம்மா என் பக்கம் குனிந்து, “கோவிச்சுக்காத சாமி, அடுத்த வருசம் உன்ற கண்ணுக்குட்டிதான்” என்றாள். நான் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டேன். அவள் பசு தெப்பத்தில் இறங்கியது. கன்றும் துள்ளிக்கொண்டு பின்னாலேயே இறங்கியது.

முழுப் பரீட்சை லீவில் நான் போனபோது அந்தக் கன்று செத்திருந்தது. பசு பால் மறுத்து நொண்டிக்கொண்டு நின்றது. ஊரெல்லாம் மாடுகளுக்குக் காணை வந்துவிட்டது என்றார்கள். வாயும் குளம்பும் புண்ணாகிற ஒட்டுவாரொட்டி அது. அம்மாவும் மகளும் வீட்டைப் பூட்டிக்கொண்டு குமாரபாளையத்துக்குத் தறி வேலைக்குப் போய்விட்டார்கள். மாடு படுத்துப்போன வீடுகளுக்கெல்லாம் மாமா ஆளுக்கொரு மூட்டை தவிடு அனுப்பினாராம். மவராசன் என்று ஊர் சொன்னது. பேனரில் இருக்கும் வள்ளல் அங்கே பிறந்தவர்தான். என் செவலைக்கு ஒன்றும் ஆகவில்லை. அது ராசியான கன்று என்று நான் பள்ளிக்கூடத்தில் பீற்றிக்கொண்டேன்.

கருமாதி அன்று பந்தியில் வடை வைத்துக்கொண்டே அத்தை பெருமையாகச் சொன்னாள்: “உங்க மாமன் எத்தன சூதானமான ஆளுங்கற? சந்தையில புடிச்ச மாட்டுக்குக் காணைன்னு டாக்டரு சொன்ன அன்னிக்கே நம்முளுத எல்லாத்தையும் குடோனுக்கு ஓட்டிப்போட்டாரு.”

“அப்பறம் எதுக்குப் பட்டியத் தெறந்து விட்டாரு?”

“பொங்கல் வெக்காட்டி ஊருக்குத் தெரிஞ்சு போயிருமல்லோ? பொறவு நம்ம பால ஆரு வாங்குவா?” என்றவள், இன்னொரு வடை வைத்தாள்.

எழுந்து கை கழுவிக்கொண்டு வந்துவிட்டேன். இத்தனை வருஷமாக அத்தைக்கு அதில் ஒரு தப்பும் தெரியவில்லை. நோய் என்று தெரிந்த மண்ணில் ஊர் மாடுகளை இறக்கிவிட்டு, அதற்கு மரியாதை என்று பெயரும் வைத்த மனிதனை என்னவென்று திட்டுவது? சண்டை போடக்கூட ஆள் இல்லை. போட்டோவாகிவிட்டார், மாலை போட்டுக்கொண்டு.

அந்தப் பட்டிப் பொங்கல் சாயங்காலம், மிதி முடிந்த பிறகும் நான் அழுகையை நிறுத்தவே இல்லை. “வா அம்மிணி, உன்ற கண்ணுக்குட்டியப் பாக்கப் போலாம்” என்று மாமா என்னைப் பட்டி வாசலுக்குக் கூட்டிப் போனார். அங்கே சலவைச் சோடா கரைத்த தண்ணீர் ஒரு பக்கெட்டில் இருந்தது. முதலில் தன் காலையும் செருப்பையும் கழுவினார். பிறகு என்னைக் கல்லில் உட்கார வைத்து, எதிரில் குந்தி, என் காலைக் கழுவினார். விரல் இடுக்கெல்லாம் தேய்த்தார். பாவாடையையும் மாற்றச் சொன்னார். ஊரே எழுந்து நிற்கும் மனுஷன் எனக்காகக் குந்தியிருக்கிறாரே, என் மேல் எவ்வளவு பாசம் என்று நினைத்தேன். கோபமெல்லாம் போயே போய்விட்டது.

அந்தம்மாவும் மகளும் பசுவையும் கன்றையும் ஓட்டிக்கொண்டு எங்களைத் தாண்டித்தான் போனார்கள். எல்லோர் காலிலும் தெப்பத்துச் சேறு அப்படியே இருந்தது. அந்தம்மா மாமாவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். மாமா தலையை ஆட்டினார். பக்கெட்டில் பாதித் தண்ணீர் மிச்சம் இருந்தது. அதை வேலியோரமாகக் கொட்டிவிட்டு, என்னைத் தூக்கி மொபெட்டில் உட்கார வைத்தார்.