பக்கத்துக் கட்டிலுக்கு ஒரு ஷிஃப்ட்

என் தம்பிக்குக் குரல்கள் கேட்கும். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இரும்புக் கம்பி உருட்டும் ஆலையில் வேலை செய்தவன். ஆலைச் சத்தத்தில் யாரோ தன் பெயரைச் சொல்லித் திட்டுவதாக முதலில் சொன்னான். பிறகு, ஆலை ஓடாத நாளிலும் திட்டினார்கள். திருவள்ளூர் பக்கம் ஒரு அறக்கட்டளை நடத்தும் மனநல மருத்துவமனையில் அவனைச் சேர்த்தது ஆடி மாதம், இரண்டாம் வெள்ளிக்கு மறுநாள். ஒரே ஒரு மாத்திரைதான் அவனுக்குச் சரிப்பட்டது. அதைப் போட்ட சில வாரங்களில் குரல்கள் விலகிப் போகும். சோறு கேட்பான், என்னைக் கிண்டல் செய்வான்.

ஆவணியில் அந்த மாத்திரை வருவது நின்றது.

"கம்பெனிலேர்ந்தே வரலம்மா. வெளியில கெடச்சா வாங்கியாந்து குடுங்க" என்றார் வார்டு நர்ஸ். கும்மிடிப்பூண்டியில் இல்லை. பொன்னேரியில் இல்லை. திருவள்ளூரில் ஒரு கடைக்காரர் சீட்டைப் பார்த்ததுமே தலையாட்டினார். மின்சார ரயில் ஏறிச் சென்னைக்குப் போய், இரண்டு நாள் அலைந்து, சில அட்டைகள் வாங்கி வந்தேன். அட்டைகளின் மேல் தம்பியின் பெயரை எழுதி நர்ஸிடம் கொடுத்தேன்.

தம்பிக்குப் பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தில் ஒப்பந்தக் கூலியாகச் சாம்பல் அள்ளியவர். அவருக்கும் அதே மாத்திரைதான். அவரைப் பார்க்க வருகிறவர் அவருடைய அக்கா புருஷன் ஒருவர் மட்டுமே, அதுவும் எப்போதாவது. சென்னைக்குப் போய்க் கடை கடையாகத் தேட அவருக்கு ஆள் இல்லை. மாத்திரை நின்ற கொஞ்ச நாளில், சோற்றில் சாம்பல் விழுந்திருக்கிறது என்று தட்டைத் தள்ளிவைக்க ஆரம்பித்தார்.

புரட்டாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை போனபோது, கதவோரக் கட்டில் பெரியவர் என்னைக் கூப்பிட்டார்.

"உன் தம்பி இங்க டைம் ஆபிஸ் தொறந்துகீறாம்மா."

"டைம் ஆபிஸா?"

"ஆமா. இவனுக்கு ஏ ஷிஃப்டாம், பக்கத்துக் கட்டிலுக்கு பி ஷிஃப்டாம். எனக்கு இன்னாடா ஷிஃப்டுன்னா, நீ ரிட்டயர்டு, போய்ப் படுன்றான்."

வார்டே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆலையில் ஆட்களுக்கு ஷிஃப்ட் பிரித்துப் போடும் டைம் ஆபிஸின் நினைவில் தம்பி ஏதோ விளையாடுகிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் அந்த மாதம் முழுவதும் அவன் தேறவில்லை. ஒருநாள் தெளிவாகப் பேசுவான்; அடுத்த முறை போனால் காதைப் பொத்திக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பான். மாத்திரை கொடுத்தும் ஏன் இப்படி என்று டாக்டருக்கும் புரியவில்லை. ஐப்பசி பிறந்ததும், மருந்து இல்லாதவர்களில் வீட்டுக்கு அனுப்பக்கூடியவர்களை அனுப்பினார்கள். அத்திப்பட்டுக்காரரை அவர் மச்சான் வந்து கூட்டிப்போனார். தீபாவளி கழிந்த வாரம் மருத்துவமனைக்கே மாத்திரை வந்துவிட்டது.

நிம்மதியாக இருந்தேன். ஒருநாள் நர்ஸ் போன் செய்தார். தம்பியின் தலையணை உறைக்குள் மாத்திரைகள் இருந்தனவாம். வாயில் வாங்கி, கன்னத்தில் ஒதுக்கி, பிறகு துப்பி எடுத்தவை. அன்றே போய்ப் பார்த்தேன். உப்பி, ஓரம் கரைந்திருந்தன.

"இது இன்னாடா?" என்றேன்.

"பக்கத்துக் கட்டில்காரனோட ஷிஃப்டு இது, அக்கா. ஒருநாள் நான், ஒருநாள் அவன். ஒரு மிஷின், ரெண்டு ஆளுன்னா ஆள் மாத்தித்தானே ஓட்டணும்?"

"இது மிஷினாடா? மருந்துடா."

"எனக்கு நீ கீற. அவனுக்கு யார் கீறாங்க?"

ஆளுக்குப் பாதி போட்டதில் இரண்டு பேருக்குமே அது மருந்தாக இல்லாமல் போனது என்று டாக்டர் விளக்கினார். இப்போது மருந்து வந்துவிட்டது, தினமும் போட வேண்டும் என்றார். தம்பி கேட்டுக்கொண்டான். ஆனால் மறுநாள் மாத்திரையைத் துப்பிவிட்டான். அது அத்திப்பட்டுக்காரருடைய நாளாம். இப்படியே போனால் இவன் தேறவே மாட்டான் என்றார் டாக்டர்.

அத்திப்பட்டுக்காரரே வந்து சொன்னால் கேட்பான் என்று தோன்றியது. விலாசம் கேட்டு வாங்கிக்கொண்டு மறுநாளே போனேன். அவர் வீடு பூட்டியிருந்தது.

"அவரா?" என்றாள் எதிர்வீட்டுப் பெண். "தீவாளிக்கு முன்னாடியே ஒருநாள் வெடிகாலைல எழுந்து போனவருதாங்க. செருப்புகூடப் போடல. மச்சான்காரரு சூலூர்பேட்டை, நாயுடுபேட்டைன்னு தேடிக்கினு கீறாரு. போலீஸ்லயும் சொல்லிக்கீது."

இதைத் தம்பியிடம் அப்படியே சொன்னேன். ஒளிக்கத் தோன்றவில்லை.

அவன் திடுக்கிடவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்தான். "காணோமா? எவன் சொன்னது? நேத்துகூடப் பேசினானே."

"யார்கிட்ட?"

"என்கிட்டதான். அவனுங்க திட்றப்போ இவன் நடுவுல பூந்து, உட்றா பாவம்ன்றான்."

நர்ஸ் தண்ணீரோடு நின்றார். பக்கத்துக் கட்டிலில் மெத்தை சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. தம்பி மாத்திரையை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"இத்த போட்டா அவனும் போய்டுவான்க்கா."

அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். "போட்டுக்கடா" என்று மட்டும் சொன்னேன். போட்டுக்கொண்டான். நர்ஸ் சொல்லாமலே வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்டினான்.

மார்கழிக்குள் குரல்கள் ஒவ்வொன்றாக அடங்கின. தை மாதம், பொங்கல் முடிந்த வாரம், அவனை வீட்டுக்கு அழைத்து வந்தேன். இப்போது ஒரு லேத் பட்டறைக்குப் போய்வருகிறான். மாத்திரையைத் தவறவிடுவதில்லை. அத்திப்பட்டு மச்சானுக்கு நான் அவ்வப்போது போன் செய்கிறேன். இன்னும் கிடைக்கவில்லை என்கிறார்.

தம்பி அதைப் பற்றிக் கேட்பதே இல்லை. ஒருமுறை, மாசியில், சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் கையை நிறுத்தினான்.

"கடைசியா அவன் பசிக்குதுன்னான்க்கா" என்றான். "அப்புறம் ஒண்ணும் கேக்கல."