வீரராகவன் வீட்டுக்கு மதிப்புப் போட்ட காலை

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், இரும்புக் கம்பி தயாரிக்கும் ஆலையில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்க்கும் வீரராகவனுக்கு உலைச் சூட்டைக் கண்டு பயமில்லை. ஊர்க் கண்ணைக் கண்டால்தான் பயம். அவருடைய பொருள் எதையாவது ஒருவர் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டால் போதும், உடனே அதற்கு ஒரு குறையைக் கண்டுபிடித்துச் சொல்லிவிடுவார். புது பைக் வாங்கிய அன்றே "மைலேஜே தரல" என்றார். மகள் ரம்யா பத்தாவதில் பள்ளியிலேயே முதலாவதாக வந்தபோது, தெருவெல்லாம் மிட்டாய் கொடுத்துக்கொண்டே "ஏதோ பாஸ் பண்ணிட்டா" என்றார். ரம்யா ஒரு வாரம் அவரோடு பேசவில்லை.

வீட்டுக்கும் அதே கதிதான். உள்ளே டைல்ஸ், கிரானைட், தேக்குக் கதவு. வெளியே, கட்டிப் பன்னிரண்டு வருடமாகியும் பூசாத செங்கல் சுவர். வாசலில் பூசணிக்காய் ஒன்று, நாக்கை நீட்டிய பூதம் ஒன்று. போகிறவர்கள் பாவம், பணம் தீர்ந்து பாதியில் நிறுத்திவிட்டார்கள் போல என்று நினைத்துக்கொண்டே போவார்கள். வீரராகவனுக்கு வேண்டியதும் அதுதான்.

மனைவி பிரேமா, சிப்காட் தொழிலாளர்கள் முப்பது பேருக்கு வீட்டிலிருந்தே சாப்பாடு கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஆலை வாசலுக்கு எதிரே ஒரு கடை காலியானது. அங்கே மெஸ் போட வேண்டும் என்பது அவளுடைய பல வருட ஆசை. மாதக் கடைசிக்குள் அட்வான்ஸ் கொடுக்காவிட்டால் கடை வேறு ஆளுக்குப் போய்விடும். வீட்டுக்குப் புதிதாக மதிப்புப் போட்டுப் பார்த்து, அதன்மேல் கூடுதல் கடன் தரலாம் என்று வங்கியில் சொன்னார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை, வங்கி அனுப்பிய இன்ஜினியர் பரணிதரன் வந்தார். வெளிச்சுவரைப் பார்த்து உதட்டைப் பிதுக்கியவர், உள்ளே வந்ததும் மலர்ந்துபோனார்.

"சூப்பரா கட்டியிருக்கீங்க சார்!"

வீரராகவனின் வாய் அவரைக் கேட்காமலே திறந்துகொண்டது. "இன்னா சூப்பரு? மழை வந்தா சுவரெல்லாம் ஓதம் ஏறிக்கும் சார்."

பரணிதரன் எழுதிக்கொண்டார். "கதவு தேக்கா?"

"தேக்குன்னு சொல்லி ஏமாத்திட்டான் சார்."

அதையும் எழுதிக்கொண்டார். "போர் தண்ணி?"

"ஒரே உப்பு."

சமையலறையிலிருந்து பிரேமா கரண்டியோடு வெளியே வந்தாள். "இன்னாயா பேசிகினு கீற? அவரு ஊட்டுக்கு மதிப்பு போட வந்தாரா, கருமாதி பண்ண வந்தாரா?" என்றவள், குழாய்த் தண்ணீரை ஒரு டம்ளரில் பிடித்து இன்ஜினியரிடம் நீட்டினாள்.

குடித்துப் பார்த்த பரணிதரன் சிரித்தார். "தண்ணி நல்லாத்தான் இருக்கு. ஆனா ஓனரே குறை சொல்றப்போ நான் எப்படிங்க மாத்தி எழுதறது? சார் சொல்லட்டும்."

வீரராகவனுக்கு நிஜமாகவே பயம். லாரி வாங்கிப் பெருமை பேசிய அவருடைய அண்ணன், அதே வாரம் லாரியைக் கவிழ்த்தவர். நல்லது என்று வாய்விட்டுச் சொன்னால் இருப்பதும் போய்விடும் என்பது அவருக்கு வெறும் பேச்சல்ல. பிரேமாவைப் பார்த்தார். அவள் கண் கலங்கி நின்றாள்.

"ஓதம் இல்ல சார்," என்றார் மெதுவாக. "கதவு அசல் தேக்கு. செங்குன்றத்துல நானே தட்டிப் பாத்து வாங்கினது. தண்ணிக்குத் தெருவே எங்க ஊட்டுக்குத்தான் வரும்." சொல்லி முடிப்பதற்குள் சட்டை வியர்வையில் நனைந்துவிட்டது.

பரணிதரன் பழையதை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினார். "நீங்க கேட்ட தொகைக்கு இந்த மதிப்பு போதும் சார். லோன் எதுக்கு?"

"ஊட்டுக்காரி மெஸ் போடுது."

"சமையல் நல்லா இருக்குமா?"

"ஏதோ..." என்று ஆரம்பித்த வீரராகவன் நிறுத்திக்கொண்டார். கல்யாணமான இருபது வருடத்தில் இதைத் தான் ஒருமுறைகூடச் சொன்னதில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது.

"நல்லா இருக்கும் சார். ஒரு நாளு கூட சலிச்சதில்ல."

பிரேமா சட்டென்று உள்ளே போய்விட்டாள். இன்ஜினியர் கிளம்பிப் போன பிறகு, கையில் உப்பும் மிளகாயுமாக வந்தாள்.

"குந்து," என்றாள். "இவ்ளோ நல்லா பேசினியே, உனக்குத்தான் மொதல்ல சுத்திப் போடணும்."