பெரோவுக்குக் காத்திருக்கும் விரல்

வலது கை ஆள்காட்டி விரலைத் தூக்கியபடி நிற்கிறார் மொழிபெயர்ப்பாளர் அமிர்தநாதன். எதிரே ஸ்பெயின்காரர், மேனேஜர் ரமோன், மூச்சுவிடாமல் பேசிக்கொண்டிருக்கிறார். ஒரகடத்தில் கார் சீட் தைக்கிற அந்தக் கம்பெனியில் யாரும் மேனேஜர் முகத்தைப் பார்ப்பதில்லை. இந்த விரலைத்தான் பார்க்கிறார்கள்.

“இன்னாண்ணே சொல்றாரு?” என்கிறாள் தையல் மெஷினில் இருக்கும் யுவஸ்ரீ.

“இரும்மா, தோரணம் கட்டிக்கினு கீறாரு.”

‘பெரோ’ என்ற சொல் வந்து விழுகிறது. ‘ஆனால்’ என்று அர்த்தம். விரல் இறங்குகிறது. “ஆனா, ஞாயித்துக்கெழம ஓ.டி. வரணுமாம்!” அதற்கு முன்னால் வந்த பாராட்டையெல்லாம் அவர் மொழிபெயர்ப்பதே இல்லை. வாய்தான் வலிக்கும்.

கப்பல் சமையற்கட்டில் ஸ்பானியர்களோடு வெங்காயம் உரித்தபோது ஒட்டிக்கொண்ட பாஷை. யுவஸ்ரீக்கும் பாடம் எடுப்பார். “‘அவுன்கே’ன்னு, ‘இன்னாதான் இருந்தாலும்’னு ஆரம்பிச்சா பயப்படாதே, கெட்டது மொதல்லயே போயிடும். ‘இல்ல’ன்னு ஆரம்பிச்சா அழாதே, பின்னாடி ‘சினோ’, ‘அதுக்குப் பதிலா’ன்னு வந்தா வேற ஒண்ணு குடுப்பாரு. பெரோதாம்மா ஆள அடிக்கும்.”

வீட்டிலும் இதே கூத்துதான். “இந்தச் சட்டை உங்களுக்கு எடுப்பா கீது” என்று மனைவி லிசா சொன்னால் விரல் எழும். கோயிலில் சாமியார் “ஆண்டவர் உங்களோடு இருப்பாராக” என்றாலும் எழும். லிசாதான் பிடித்து இறக்கிவிடுவாள்.

பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வருகிறது. பாவம், இதற்குமுன் வேலை பார்த்த கம்பெனிகளெல்லாம் அவரை வாயாரப் புகழ்ந்துதான் வெளியே அனுப்பின. இங்கும் இந்த மாதத்தோடு காண்டிராக்ட் முடிகிறது. இதுவும் போனால் மறுபடி கப்பல், வெங்காயம். லிசா ஒரு கரை, இவர் ஒரு கரை.

நேற்று ஷிப்ட் முடிந்ததும் கேட் அருகே ரமோன் காரை நிறுத்தி இறங்கினார். “நீ இல்லாவிட்டால் இங்கே ஒன்றும் நடக்காது. அடுத்த மாதத்திலிருந்து நீ பெர்மனென்ட்” என்றார் ஸ்பானிஷில். விரல் எழுந்தது. ரமோன் சிரித்தபடி நின்றார். இவரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். வானத்தைக் காட்டும் விரலைப் பார்த்த ரமோன், எல்லாம் கடவுள் செயல் என்கிறாராக்கும் என்று நெகிழ்ந்துபோய், தானும் சிலுவை போட்டுக்கொண்டு காரேறிப் போய்விட்டார்.

போனில் லிசா. “இன்னாங்க, பெர்மனென்ட் ஆச்சா?”

“ஆச்சும்மா…”

“அப்புறம் ஏன் இழுக்கறீங்க?”

“அவரு இன்னும் முடிக்கல.”

தூக்கிய விரலைக் கண்டு கம்பெனி பஸ் சடாரென்று பிரேக் போட்டு எதிரே நின்றது. வலது விரலை இறக்காமல், போன் இருந்த இடது கையை ஆட்டி, ‘போ, போ’ என்று அதை அனுப்பிவைத்தார் அமிர்தநாதன்.