நாலு மணிச் சங்கும் ஒரு வால்நட்சத்திரமும்

எந்த ஊரில் இருந்தாலும், ஆலைச் சங்கு ஊதினால் என் வலது கை தானாக இடது மணிக்கட்டுக்குப் போகிறது. கடிகாரத்தைத் திருத்தப் போகும் கை. எழுபதுகளின் தொடக்கத்தில், திருப்பூரில், தினமும் அப்படித்தான். நாளுக்குப் பத்து நிமிடம் பின்தங்கும் பழைய கடிகாரம். விடிகாலை நாலுக்கு மில் சங்கு ஊதும், முள்ளை நகர்த்துவேன். ஊரே அந்தச் சங்கை நம்பித்தான் எழுந்தது.

அப்போது நான் ஒரு பனியன் கம்பெனியில் குமாஸ்தா. அங்கே நிட்டிங் மெஷின்களுக்கு ஒரு ஃபிட்டர் இருந்தார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், அண்ணா என்பேன். ஒற்றை ஊசி பழுதாகித் துணியில் விழுந்த கோட்டைப் பத்தடி தள்ளி நின்றே கண்டுபிடிக்கிற கண் அவருக்கு. அதே கண்ணோடு, பழைய சாமான் கடையில் வாங்கிய பைனாகுலரும் சேர, கம்பெனி மொட்டை மாடியில் ஏறிவிடுவார். மாசி மாத விடியல் ஒன்றில் கிழக்கே பஞ்சுப் பிசிறு மாதிரி ஏதோ தெரிந்தது. முந்தின வாரம் அங்கே இல்லாதது.

"வால்நட்சத்திரந்தானுங்க தம்பி. நமக்கு முந்தி ஆரும் பார்க்கலைன்னு வைங்க, அதுக்கு நம்ம பேருதானுங்க!" என்று சிரித்தார்.

மூன்று விடியல் அளந்தோம். பாகைமானியில் நூல் கட்டி, நுனியில் நிட்டிங் ஊசியைத் தொங்கவிட்டு, அடிவானத்திலிருந்து எத்தனை பாகை உயரம், எந்தத் திசை என்று அவர் சொல்வார். மணி பார்த்து எழுதுவது நான். ஒப்பிட்டுக் குறிக்க நட்சத்திரப் படம் எங்களிடம் இல்லை, எல்லாம் அந்த மணியை நம்பித்தான். மலைமேலிருந்த வானாய்வுக்கூடத்துக்குக் கடிதம் போயிற்று. மறுநாள் மேகம் மூடியது. கலைந்தபோது அதைக் காணவில்லை.

"என்னங்க ஃபிட்டரே, வாலு அறுந்துருச்சுங்களா?" என்பார் கட்டிங் மேஸ்திரி.

"பதில் வரட்டுமுங்க, உங்களுக்கே ஒட்டி உடறேன்."

பதில் வந்தது. இரண்டாம் நாள் அளவு மற்ற இரண்டோடு ஒத்துவரவில்லை. பாதை கணக்கிட இயலாது. வேறு யாரும் பார்த்ததாகத் தகவல் இல்லை. கீழே யாரோ கையால் நாலு வரி சேர்த்திருந்தார்கள்: இப்படிப் பார்த்துத் தொலைந்த வால்நட்சத்திரங்கள் பல உண்டு, பழைய குறிப்பு சரியாக இருந்ததால் பல வருடம் கழித்து அடையாளம் தெரிந்தவையும் உண்டு. அண்ணா அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"என்ற கண்ணுதான் பொய் சொல்லிருச்சாட்ட இருக்குதுங்க."

அதன் பிறகு அவர் மாடி ஏறவில்லை. துணியில் கோடு தெரிந்தாலும் இன்னொருவரைக் கூப்பிட்டு, "உங்களுக்கும் தெரியுதுங்களா?" என்று கேட்டுக்கொண்டார்.

பிழை எங்கே என்று எனக்கு மட்டும் தெரியும். அந்த இரண்டாம் நாள் காலை டீக்கடையில் மில்காரர்கள் பேசிக்கொண்டார்கள்: கரண்ட் போனதால் சங்கு இருபது நிமிடம் கழித்துத்தான் ஊதியதாம். அந்தச் சங்குக்குத்தான் நான் முள்ளை நகர்த்தியிருந்தேன். அவ்வளவு பெரிய வானத்துக்கு இருபது நிமிடம் என்ன என்று விட்டுவிட்டேன். இருபது நிமிடத்தில் வானம் ஐந்து பாகை சுழன்றுவிடும் என்று படித்தது, பதில் வந்த பிறகு. சொல்ல வாய் வரவில்லை.

ஐப்பசியில் அவர் அகமதாபாத்தில் ஒரு மில்லுக்கு வேலை மாறிப் போனார். ரயிலடியில், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, எல்லாவற்றையும் கொட்டினேன். திட்டுவார் என்று நின்றேன். அவரோ பையிலிருந்து அந்தக் கடிதத்தை எடுத்து, அதன் பின்புறம் பென்சிலால் மூன்று நாள் உயரத்தையும் மூன்று எண்களாக எழுதினார். நடு எண்ணில் ஐந்தைக் கழித்தார். வண்டி நகர்ந்தது. கூடவே நடந்தேன்.

"வருசையா வருதுங்க தம்பி! இதையச் சொல்றதுக்கு எட்டு மாசமுங்களா?"

"தப்புத்தானுங்ணா."

காகிதத்தை ஜன்னல் வழியாக என் கையில் திணித்தார்.

"அது கெடக்குது உடுங்க. இன்னைக்கே எழுதிப் போடுங்க. சங்கு லேட்டுன்னு எழுதுங்க. பார்த்தவன் கண்ணுல கோளாறில்லைன்னும் எழுதுங்க!"